துண்டு போட்ட இடம்

1967-ல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியபோது எனக்கு ஒன்பது வயது. கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி நிற்கும். நாம்தான் படகில் போய்ச் சேர வேண்டும். படகு ஓர் அலைக்கு மேலே போகும், அடுத்த அலைக்குக் கீழே இறங்கும். மேலே போகிற நேரம் பார்த்து ஏணியில் காலை வைக்க வேண்டும். அம்மா ஒரு கையில் என்னையும் மறு கையில் ஊறுகாய் ஜாடியையும் பிடித்திருந்தாள். அலை தூக்கியதும் முதலில் மேலே போனது ஜாடி.

கப்பலின் பெயர் ராஜுலா. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று செக்கு மாடு மாதிரி சுற்றி வரும். சுமார் 8,500 டன் கப்பல். புதிதில் அதில் ஐயாயிரம் டெக் பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்ததாம். டன் என்றால் இங்கே எடை இல்லை, உள்ளே இருக்கிற இடத்தின் அளவு. 2024-ல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ என்ற சொகுசுக் கப்பல் ஏறக்குறைய இரண்டரை லட்சம் டன். அதிகபட்சம் 7,600 பயணிகள். நாங்கள் எப்படிப் போனோம் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

டெக் டிக்கெட் என்றால் அறை இல்லை, கட்டில் இல்லை. கீழே தளம், மேலே கித்தான். சரக்கு அறையின் வாய்க்குப் போட்டிருக்கும் மூடி மேல், ஹட்ச் என்பார்கள், இடம் கிடைத்தால் பாக்கியம். காற்று வரும், தண்ணீர் தேங்காது. அம்மா பாயை விரித்துவிட்டு நிமிர்ந்தபோது, பக்கத்தில் இருந்த நாகூர்க்காரர், அக்கரைக்குப் போய்வந்து பழுத்த சபுராளி, தலையை ஆட்டினார்.

“தங்கச்சி, பாயை மட்டும் போட்டா பத்தாது. நாலு மூலையிலயும் சாமானை வைங்க. ராத்திரி பாய் நகரும்.”

கடல் நகர்த்துமா, பக்கத்து ஆள் நகர்த்துவாரா என்று அவர் சொல்லவில்லை. ட்ரங்குப் பெட்டி, கூஜா, ஜாடி, நான் என்று நாலு மூலைக்கும் ஆள் போட்டாள் அம்மா. ஐந்து நாள். கப்பல் சமையற்காரர், பண்டாரி என்பார்கள், சோறு போடும் நேரத்துக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாப்பிட்டதைக் கடலுக்குக் கொடுத்தோம். மேல் தளத்திலிருந்து ஒரு துரைசானி, தலையில் அகலத் தொப்பியோடு, எங்களை எட்டிப் பார்ப்பாள். இப்படி வெயிலில் கிடக்கிறார்களே என்ற இரக்கம் அவள் முகத்தில் தெரியும்.

2022-ல் மகள் சென்னையிலிருந்து ஒரு சொகுசுக் கப்பலில் இடம் பதிந்தாள். டிக்கெட்டை வாங்கிப் படித்தேன். சென்னை – கடல் – சென்னை.

“எந்த ஊருக்கும்மா போறோம்?”

“எந்த ஊருக்கும் இல்லப்பா. சும்மா போயிட்டு வரோம்.”

அந்தக் காலத்தில் ஏறின துறைமுகத்திலேயே வந்து இறங்கினால் பாஸ்போர்ட்டில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். தெருவே சிரிக்கும்.

ஏறுமுன் கொரோனா ஊசி போட்ட சான்று கேட்டார்கள். ராஜுலாவுக்கும் கேட்டார்கள், அம்மைக்கு. அது ஒன்றுதான் மாறவில்லை. கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டியதும் சூதாட்டக் கூடத்தைத் திறந்தார்கள், சட்டம் அப்படியாம். ராஜுலாவில் மூணுசீட்டு ஆடியவர்கள் இந்த மைல் கணக்கெல்லாம் பார்த்ததில்லை.

எங்கும் போகாமல் போய் வருவதை முதலில் பெரிதாக வியாபாரம் ஆக்கியவர்களில் ஒருவர் ஹாம்பர்க்கின் கப்பல் கம்பெனிக்காரர் ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராது. கப்பல் சும்மா நிற்கும். 1891 ஜனவரியில் ‘அகுஸ்டா விக்டோரியா’வை மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பார்க்க அனுப்பினார். குளிர்கால ஏற்பாடாக இருந்தது, 1958-ல் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கியதும் முழுநேர வேலையாகிப்போனது. ஆறேழு மணி நேரத்தில் போகிற இடத்துக்கு ஐந்து நாள் எதற்கு? ‘பிரான்ஸ்’ என்ற பெருங்கப்பலை 1974-ல் கட்டிப்போட்டார்கள். 1980-ல் ‘நார்வே’ என்று பேர் மாற்றிக்கொண்டு அது உல்லாசப் பயணிகளுக்குக் கரீபியனைச் சுற்றிக் காட்டியது. கடைசியில் குஜராத்தின் அலங்கில் வந்துதான் உடைபட்டது.

ராஜுலாவுக்கு இந்த மறுபிறவி வாய்க்கவில்லை. 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ‘ரங்கத்’ என்று பெயரிட்டது. அடுத்த வருஷம் பம்பாயில் உடைத்தார்கள். அதே தடத்தில் ஓடிய ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததில் பலர் இறந்தார்கள். அதோடு அக்கரைக்குக் கப்பலில் போவது நின்றது.

மகளோடு கப்பலேறிய மறுநாள் காலை ஆறு மணிக்கு மேல் தளத்துக்குப் போனேன். நீச்சல் குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள். ஒன்றில்கூட ஆள் இல்லை. ஒவ்வொன்றிலும் துண்டு மட்டும் கிடந்தது. மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்த இனம், காசு வந்ததும் மாறிவிடுமா என்ன. இத்தனைக்கும் எல்லோருக்கும் கீழே ஏசி அறை இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கட்டிலை விட்டுவிட்டு, வெயிலில் கிடக்கத்தான் இந்தப் போட்டி.

மகளும் பேத்தியும் வந்தார்கள். மூலையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. மகள் துண்டை விரித்துவிட்டு, “வாங்கப்பா, சாப்பிட்டு வந்துடலாம்” என்றாள்.

“துண்டை மட்டும் போட்டா பத்தாது” என்றேன். செருப்பு ஒரு மூலை, தண்ணீர் பாட்டில் ஒரு மூலை, கண்ணாடிக் கூடு ஒரு மூலை என்று வைத்தேன்.

“நாலாவது மூலைக்கு என்ன தாத்தா?”

நானே உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் சாப்பிடப் போனார்கள். சீருடை போட்ட பையன் ஒருவன் வந்து, அரை மணி நேரம் ஆள் இல்லாத துண்டுகளையெல்லாம் எடுத்து மடித்துக்கொண்டு போனான். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான். கண்ணை மூடிச் சாய்ந்தேன். வெயில் நேரே முகத்தில் அடித்தது. சற்று நேரத்தில் அது மெல்ல நகர்ந்து பக்கவாட்டுக்கு வந்து, அப்படியே பிடரிக்குப் போயிற்று. கப்பல் சென்னைக்குத் திரும்பிவிட்டது.