எங்கட வீட்டுக்கு வந்த ரொதேயோ

திரான்சி, பிரான்ஸ்,
ஆனி மாதம், ஞாயிறு இரவு.

அன்பின் மச்சானுக்கு,

போன கிழமை ரெலிபோனில "என்ன மச்சான், குரல் ஒரு மாதிரிக் கிடக்கு" எண்டு கேட்டாய். தடிமன் எண்டு சமாளிச்சன். தடிமன் இல்லையடாப்பா, எல்லாம் உன்ர மருமகன் செய்த வேலை. ரெலிபோனில சொன்னா மாமி பக்கத்தில நிண்டு கேட்டு, ஊரில உள்ள கோயில் எல்லாத்துக்கும் நேத்தி வைச்சு, செலவை என்ர தலையில கட்டியிருப்பா. அதுதான் கடிதமா எழுதுறன். வாசிச்சிட்டு மடிச்சு வை.

வியாழக்கிழமை இரவு, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறம். மூத்தவன் கோப்பையில இருந்து தலையை நிமித்தாமல் சொன்னான்: "அப்பா, அடுத்த வெள்ளி எனக்கு ரொதேயோ இருக்கு. லீசே பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் தெரியும்."

எனக்குப் புட்டு தொண்டையில நிண்டிட்டுது.

நீ இங்கிலிசுப் படத்தில பாத்த தொப்பிக்காரரையும் குதிரையையும் நினைப்பாய். திரான்சியில ரொதேயோ எண்டா அது வேற சாமான். கொஞ்சம் வெயில் எறிச்சாப் போதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினாறு, பதினேழு வயசுப் பெடியள் மோட்டச் சைக்கிளைக் கொண்டுவந்து, முன் சில்லை வானத்தைப் பாக்கத் தூக்கி, பின் சில்லில மட்டும் தெரு முழுக்க ஓடுவாங்கள். தலைக்கவசம் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, பயமும் இல்லை. எங்கட ஊர் உழவு மெசினுக்குச் சைலன்சர் கழண்டா என்ன சத்தம் வருமோ, அதில ஆறு ஒரேயடியா வந்தமாதிரி இருக்கும். மத்தியான நித்திரை எண்ட ஒண்டு இந்தக் கோடையில எங்கட கட்டடத்தில ஒருத்தருக்கும் இல்லை. இதை வைச்சுப் படமும் எடுத்திட்டினம். லோலா கிவோரோன் எடுத்த அந்தப் படத்துக்குப் பேரே 'ரொதேயோ'தான். 2022 இல கான் திரைப்பட விழாவின்ர ஒரு பிரிவில, நடுவர்களின்ர மனம் கவர்ந்த படம் எண்டு பரிசும் குடுத்தவை. பரிசு குடுத்தவைக்குத் திரான்சியில வீடு இல்லைப் போல.

அரசாங்கம் பரிசு குடுக்கேல்ல, சட்டம் போட்டது. 2018 ஆவணியில வந்த சட்டம். தனிய ஓடினா ஒரு வருசம் வரை மறியல், 15,000 ஈரோ வரை தண்டம். கூட்டமா ஓடினா ரெண்டு வருசம், 30,000 ஈரோ. மோட்டச் சைக்கிளும் பறிபோகும். 15,000 எண்டா என்ர பத்து மாதச் சம்பளத்துக்கு மேல, மச்சான். கோப்பை கழுவிற சம்பளம். இங்க வந்த புதுசில எனக்கு முதல் நாளே விளங்கின ஒரே பிரெஞ்சுச் சொல்லு 'குசினி'. அப்பு சொல்லித் தந்த சொல்லு. இதைத்தானா கடல் தாண்டி வந்து படிக்க வேண்டிக் கிடந்தது எண்டு சந்தோசப்பட்டன். இருவத்தைஞ்சு வருசமா அந்தச் சொல்லுக்குள்ளதான் நிக்கிறன்.

அண்டைக்கு இரவு நான் படுக்கேல்ல. எல்லாரும் படுத்தாப் பிறகு ரோச் லைற்றைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்குக் கீழ இருக்கிற கேவுக்கு இறங்கினன், பெடியன் அங்க மோட்டச் சைக்கிள் ஒளிச்சு வைச்சிருப்பான் எண்டு. மனுசியின்ர பழைய கிரைண்டர் இருந்தது. நான் கொழும்பில வாங்கி வந்த சில்லுப் போன சூட்கேஸ் இருந்தது. மாமி அனுப்பின ஒடியல் மா, திகதி முடிஞ்சது, மூண்டு பைக்கற் இருந்தது. சில்லு எண்டு இருந்தது சின்னவளின்ர பழைய மூண்டு சில்லுச் சைக்கிளில மட்டும்தான். மேல ஏறி வரேக்க பக்கத்து வீட்டு மொரோக்கோக்காரர், இரவுவேலை முடிஞ்சு வந்தவர், என்னையும் ரோச்சையும் ஒரு பார்வை பாத்தார். இண்டுவரைக்கும் போஞ்சூர் சொல்லேக்க கதவில ஒரு கை வைச்சுக்கொண்டுதான் சொல்லுறார்.

விடியக் காலமை அறைக்குள்ள 'தடார் தடார்' எண்டு சத்தம். கதவைத் திறந்தன். மூத்தவன் சோபாவின்ர கைப்பிடியில கவட்டுப் போட்டு இருக்கிறான். ஒரு கையால குஷனைப் பிடிச்சிருக்கிறான், மற்றக் கை மேல நிக்குது. சின்னவள் சோபாவைப் பிடிச்சு உலுப்பிக்கொண்டு, "அஞ்சு, ஆறு, ஏழு" எண்டு எண்ணுறாள். எட்டில ரெண்டு பேரும் கைதட்டினவை.

அப்பதான் விசயம் வெளிச்சது. இங்கிலிசு வகுப்பில ஒவ்வொருத்தருக்கும் ஒரு தலைப்பு. எங்கட ஆளுக்குக் கிடைச்சது அமெரிக்க உயர்பள்ளிக்கூடப் பெடியளின்ர ரோடியோப் போட்டி. அதைப் பற்றி எழும்பி நிண்டு பத்து நிமிசம் கதைக்க வேணும். எக்ஸ்போசே எண்டு சொல்லுவினம். 'வகுப்பில கதைக்கப் போறன்' எண்ட மூண்டு சொல்லைப் புட்டோட சேத்து விழுங்கியிருக்கிறான். பிரெஞ்சுப் பிள்ளையள் சொல்லை விழுங்கிறதில கெட்டிக்காரர்.

இருந்து கேட்டன், மச்சான். எனக்கே ஆசை பிடிச்சிட்டுது. ரோடியோ எண்டாலே ஸ்பானியப் பாசையில மாட்டை வளைச்சுப் பட்டிக்குள்ள சேக்கிறதாம். அமெரிக்காவில கிளோட் மல்லின்ஸ் எண்ட ஒரு வாத்தியார் 1940களின்ர கடைசியில ரெக்சாஸில இதைப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கெண்டு தொடக்கி வைச்சவராம். இப்ப அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா வரைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையள் ஓடுகினம். ஆடி மாதத்தில பெரிய கடைசிப் போட்டி ஒரு கிழமைக்கு நடக்குமாம். பெடியள் துள்ளிற காளையில ஏறி எட்டு வினாடி இருக்க வேணும், ஒரு கையாலதான் பிடிக்கலாம். மற்றக் கை மாட்டில பட்டாப் போச்சு. பெட்டையளுக்கு மூண்டு பீப்பாவைச் சுத்திக் குதிரையில பறக்கிற போட்டி. பிறகு, கட்டி நிக்கிற ஆட்டிட்ட குதிரையில ஓடிவந்து குதிச்சு, ஆட்டின்ர மூண்டு காலைச் சேத்துக் கட்டிற போட்டி. உன்ர தங்கச்சி இதைக் கேட்டிட்டு, "நான் சின்னனில நாளுக்கு ரெண்டு தரம் செய்தது, எனக்கு ஒருத்தரும் கப் தரேல்ல" எண்டா. குதிரை இல்லாமல் செய்தவ எண்டதை நான் வாயால சொல்லேல்ல.

ரெண்டு விசயம் எனக்கு மறக்காது. ஒண்டு, காளைச் சவாரியில நூறு புள்ளியில பாதி மாட்டுக்காம். மாடு வடிவாத் துள்ளாட்டி மேல இருக்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தும் பிரயோசனம் இல்லை. என்னோட வேலை செய்யிற, தெற்குப் பக்கத்து நீம் ஊர்ச் சமையல்காரனிட்ட சொன்னன். அவன் சிரிச்சான். அவங்கட கமார்க் பக்கத்தில வெள்ளை உடுப்புப் போட்ட பெடியள் காளையின்ர கொம்பில கட்டியிருக்கிற நூலையும் குஞ்சத்தையும் கொக்கியால பறிக்கிற விளையாட்டு இருக்கு. மாட்டைக் கொல்லுறதில்லை. விளம்பரத் தாளில மாட்டின்ர பேர்தான் பெரிசா இருக்குமாம், மனுசன்ர பேர் கீழ சின்னனா. இப்ப நீ சொல்லு, வட்டுக்கோட்டைச் சவாரித் திடலில எந்த வண்டில்காரன்ர பேர் எங்களுக்கு ஞாபகம் இருக்கு? மயிலைச் சோடியும் செங்காரிச் சோடியும்தானே ஞாபகம்.

மற்றது இன்னும் விசேசம். அமெரிக்கப் பிள்ளையள் பள்ளிக்கூடப் படிப்பில பாஸ் பண்ணாட்டி ரோடியோவில விடமாட்டினமாம். புல்த்தனை, அதுதான் றிப்போட்டை, காட்டிப்போட்டுத்தான் மாட்டில ஏற வேணும். எங்கட ஊரில எல்லாம் தலைகீழ், மச்சான். நீயும் நானும் படிப்பில கோட்டை விட்டாப் பிறகுதானே உன்ர கொப்பர் "போ, போய் மாட்டுக்குப் பின்னால திரி" எண்டு துரத்தினவர். சந்தோசமாப் போனம். ரெக்சாஸில பிறந்திருந்தா ரெண்டு பேருக்கும் மாட்டைத் தொட்டுப் பாக்கவும் விட்டிருக்க மாட்டினம்.

அங்கயும் எல்லாம் நல்லது எண்டில்லை. துள்ள வைக்கிறதுக்கு மாட்டின்ர அடிவயித்தோட ஒரு பட்டி இறுக்குவினமாம், அதுக்குக் கனபேர் எதிர்ப்பு. மூத்தவன் கேட்டான், "அப்பா, ஊர்ச் சவாரியில மாட்டை என்னத்தால அடிப்பினம்?" துவரங்கம்பு எண்டன். "நுனியில என்ன?" எண்டான். கொம்மாவைக் கூப்பிடு, தேத்தண்ணி ஆறுது எண்டன்.

வெள்ளிக்கிழமை முடிஞ்சுது. இருவதுக்குப் பதினாறு. சோபாவை வகுப்புக்குக் கொண்டுபோக ஏலாததால மேசை விளிம்பில இருந்து எட்டு வினாடி காட்டியிருக்கிறான், மேசை பிழைச்சுது. ஒரு பெடியன் எழும்பி, "இதெல்லாம் அமெரிக்காவிலதான், உங்கட நாட்டில என்ன இருக்கு?" எண்டு கேட்டிருக்கிறான். இவன் விடுவானா? தன்ர மாமாவிட்ட சவாரி மாடு ரெண்டு இருக்கு, ரெண்டு மாட்டு வண்டில் பக்கத்தில பக்கத்தில பறக்கும், எங்கட தெருவில ஓடுற மோட்டச் சைக்கிள் எல்லாம் அதுக்குத் தூசி எண்டு விளாசியிருக்கிறான். ஒருத்தரும் நம்பேல்ல. படம் கொண்டுவந்தா மேல ஒரு புள்ளி போடுவன் எண்டு பிரொபெசர் சொல்லிப்போட்டா.

ஆனபடியால் இந்தக் கடிதம் கண்ட உடன சோடியைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசி, பின்னேர வெயிலில நிப்பாட்டி வடிவா ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில போடு. மாட்டின்ர பேரையும் எழுது. கெதியா வரவேணும். கம்பு படத்தில தெரியக் கூடாது. நீயும் பக்கத்தில நிக்காதை, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிண்டு பிள்ளைக்குக் கிடைக்கிற புள்ளியைக் கெடுத்துப்போடுவாய்.

மாமிக்குச் சொல்லு, எனக்குத் தடிமன் மாறிட்டுது எண்டு.

இப்படிக்கு,
உன்ர மச்சான்