மோட்டார் ஆசன வர்ண விசாரம்

எந்தச் சாஸ்திரத்தையும் தொடங்குமுன் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் உரைத்துவிடுவது பெரியோர் மரபாதலால், மோட்டார் காரின் தோல் ஆசனத்துக்கு வீட்டிலேயே வர்ணம் மாற்றும் கலையையும் அவ்வழியே ஆராயப் புகுகின்றோம். விஷயம், நிறம் மங்கிய ஆசனம். பிரயோஜனம், பழைய வண்டியைப் புதியதென்று அண்டை வீட்டார் ஒரு கணமேனும் மயங்குதல். சம்பந்தம், சாயப் புட்டிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே உள்ளது. அதிகாரியோ, ஞாயிற்றுக்கிழமையும் போர்ட்டிகோவும் தன் கைத்திறமையில் ஆதாரமற்ற நம்பிக்கையும் ஒருங்கே வாய்த்த எந்தக் கிருகஸ்தனும் ஆவான். தோலுக்கென்றே 1948-இல் மத்திய ஆராய்ச்சி நிலையம் தோன்றிய அடையாற்றுக்கு அருகில் வசித்துக்கொண்டு, இதனை வெறும் பூச்சு வேலையென்று தள்ளுதல் தகாது.

முதற்கண் வஸ்து நிர்ணயம். காருக்குள் தோலாகத் தோன்றுவதெல்லாம் தோல் என்பது பாமரர் மதம். உட்காரும் பாகம் மட்டும் தோலாகவும், பக்கங்களும் முதுகுப்புறமும் வினைலாகவும் அமைவது பல வண்டிகளில் சகஜம். தையல் விட்ட இடத்தில் விளிம்பைத் திருப்பிப் பார்க்க, அடியில் நார்நாராகப் பிரிவது தோல். துணியின் இழை தெரிவது வினைல்.

தோலென்று தேறிய பின்னும் ஒரு சங்கை எழும்: நாம் நிறம் மாற்றுவது தோலுக்குத்தானா? அன்று. நம் முன்னோர் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வேறு ஜாதி. கார் ஆசனத்தின் தோலோ, பெரும்பாலும் குரோமிய உப்பில் பதப்பட்டு, நிறமிப் பூச்சொன்று பெற்று, அதற்கும் மேல் பாலியூரித்தேன் படலமொன்றையும் போர்த்திக்கொண்டு வருவது. பதினெட்டு வயதுப் பெர்க்கின் 1856-இல் கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்று, அது கிட்டாமல் ஊதா நிறத்தைக் கண்டெடுத்தாரே, அக்குலத்துச் சாயங்கள் திறந்த தோலில் ஊறுமேயன்றி, இப்படலத்தின்மீது தாமரை இலைத் தண்ணீராய் நிற்கும். ஆதலின் கிருகஸ்தன் கையாள வேண்டியது ஊறும் சாயமன்று, ஒட்டும் பூச்சு. ஒட்டுவதற்கோ இடம் சுத்தமாயிருத்தல் வேண்டும்.

இதனின்று பெறப்படும் சித்தாந்தம், இக்கலையில் துடைத்தலே பிரதானம், பூசுதல் அதன் உபாங்கம் என்பதாம். சோப்பு நுரையால் அழுக்கை அகற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால், பல ஆண்டுகளாகத் தலைகள் சாய்ந்து சாய்ந்து ஹெட்ரெஸ்டில் ஏற்றிய தேங்காய் எண்ணெயை விசேஷ சிரத்தையுடன் போக்கி, நைஸான உப்புத்தாளால் பளபளப்பை மட்டும் இலேசாக மழுக்கிய பிறகே புட்டியைத் திறக்கலாம். ஸ்பாஞ்சில் சிறிதளவே தொட்டு, மெல்லிய பூச்சாகப் போட்டு, ஹேர் டிரையரால் உலர்த்தி, மறுபடி பூசுக. முதற்பூச்சு திட்டுத்திட்டாகவே தெரியும். அதைக் கண்டு வெகுண்டு கனமாக அப்பியவன் ஆசனம், உட்கார்ந்த மாத்திரத்தில் வெடிக்கும். ஈற்றில் நிறமற்ற காப்புப் பூச்சு. அதன்பின் ஒரு நாளாவது எவரும் அமராதிருத்தல். கடைசி விதியைக் குழந்தைகள் உள்ள கிருகத்தில் அனுஷ்டித்தவரை யாம் கண்டதில்லை.

"இத்தனை சிரமம் ஏன்? சீட் கவர் போட்டால் தீர்ந்தது" என்பது கிருகிணியின் பூர்வபக்ஷம். கவர் மறைப்பதேயன்றி மாற்றுவதன்று என்று அதனைக் கண்டிப்போம். ஆயினும் மறுக்கவொண்ணாத தோஷம் ஒன்று உண்டு. அது தார்க்கிகர் கூறும் அநவஸ்தை. ஆசனம் புதிதானவுடன் கதவின் உட்பலகை பழையதாகிறது. பலகைக்கும் பூசினால் ஸ்டியரிங் உறை கண்ணை உறுத்துகிறது. அதை மாற்றினால் தரைவிரிப்பு. விரிப்பையும் மாற்றினால், இத்தனை அழகுக்கு வண்டியின் வெளிப்புறம் பொருந்தவில்லை என்று ஆகிறது.

இவையனைத்தையும் கடந்து ஆசனம் புதுநிறத்துடன் விளங்கும் நாளில், ஜீன்ஸின் நீலம் ஒட்டிவிடுமே என்னும் பீதியால், கிருகஸ்தனே கடைக்கு ஓடி, அரசாங்க அதிகாரிகளின் காரில் விரிப்பதுபோன்ற டர்க்கி டவல் இரண்டு வாங்கிவந்து, தன் கைவேலை முழுவதும் மறையும்படி விரித்துவிடுகிறான். இவ்வாறு சித்தாந்தியே பூர்வபக்ஷத்தை ஏற்றுக்கொண்டமையால் விவாதம் முடிந்தது. டவல் எந்த நிறத்தில் வாங்கத்தக்கது என்பது தனி நூலுக்குரிய விஷயம்.