கிணறு வெட்டியவர் பெயர் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
குடிமகன் ஒருவன்,
திருவெள்ளறை, மண்ணச்சநல்லூர் வட்டம்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
மேன்மைதங்கிய மத்தியப் பொதுத் தகவல் அலுவலர் அவர்கள்,
ஒன்றிய அரசு (எந்தத் துறை என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம், எப்படியும் வேறு துறைக்குத்தான் மாற்றி அனுப்பப் போகிறீர்கள்),
புது தில்லி.

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 – கிணறு வெட்டியவர் பெயர் – தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மாற்பிடுகு பெருங்கிணற்றுக் கல்வெட்டு, தந்திவர்ம பல்லவன் காலம்.
2. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 15.02.2024.

ஐயா / அம்மையீர்,

தாங்கள் நலமா என்று கேட்கத்தான் ஆசை. அது தனிநபர் தகவல், தர இயலாது என்று பதில் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் கேட்காமல் விடுகிறேன்.

எங்கள் ஊரில் புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிணறு இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக் வடிவம். நாலு பக்கமும் படிக்கட்டு, ஒவ்வொன்றும் ஒரு திருப்பம் திரும்பித்தான் தண்ணீரைத் தொடும். ஒரு துறையில் குளிப்பவருக்கு அடுத்த துறையில் குளிப்பவர் தெரியமாட்டார். மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் ஒரே நேரத்தில் குளித்துவிட்டு வீடு திரும்பலாம். அதனால் ஊர் வழக்கில் அது மாமியார் மருமகள் கிணறு. தனியுரிமை என்று தாங்கள் 2023-இல் சட்டம் போட்ட சங்கதியை இங்கே 1,200 வருடத்துக்கு முன்பே கல்லில் கட்டிவிட்டார்கள்.

அதே கிணற்றில் கல்வெட்டும் இருக்கிறது. ஆலம்பாக்கத்து விசைய நல்லூழானின் தம்பி கம்பன் அரையன் இதை வெட்டுவித்தான். தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்தான். பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. யார் கொடுத்தது, அவருக்கு அண்ணன் யார், எந்த ஊர், வேலை எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது எல்லாம் அதில் உண்டு. மாற்பிடுகு என்பது மன்னனின் பட்டப்பெயர். ஆக, கொடுத்தவர் யாரைக் குளிர்விக்கக் கொடுத்தார் என்பதுகூட ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது.

குளிப்பவரை மறை, வெட்டியவரைச் சொல். எங்கள் கிணற்றின் அரசியல் சட்டம் இவ்வளவுதான். இதைத் தாங்கள் தலைகீழாகப் படித்துவிட்டீர்களோ என்ற ஐயமே இந்த மனுவுக்குக் காரணம்.

குளிக்கிற நாங்கள் எந்த அளவுக்குத் தங்கள் பார்வையில் இருக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரேஷன் அரிசிக்குக் கைரேகை வைக்கிறோம். வங்கியில் பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டினால் பான் எண் எழுதுகிறோம். கண்மாய் தூர்வாரப் போன கிழவிகளை நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிற்கவைத்துப் போட்டோ பிடித்துச் செயலியில் ஏற்றினீர்கள். காலையில் வந்த கிழவிதான் மத்தியானமும் இருக்கிறாளா என்று தில்லிக்குத் தெரியவேண்டும் அல்லவா? தெரிந்துகொள்ளுங்கள். எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. மறைக்க இடமும் இல்லை.

இனி வெட்டியவர், அதாவது பணம் கொடுத்தவர் கதைக்கு வருகிறேன். 2017 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி தேர்தல் பத்திரத்தை அறிவித்தார். அரசியல் நன்கொடையில் வெளிப்படைத்தன்மை கொண்டுவருவதே நோக்கம் என்றார். ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் அப்போதே எதிர்ப்பை எழுத்தில் தெரிவித்தன. 2018 ஜனவரியில் திட்டம் அறிவிக்கையாக வந்தே விட்டது. ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை ஐந்து தினுசு. பாரத ஸ்டேட் வங்கியில் மட்டும் கிடைக்கும். பதினைந்து நாளுக்குள் கட்சி அதைப் பணமாக மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்குபவர் யாரென்று வங்கிக்குத் தெரியும். வங்கி அரசுடையது. கொடுத்தவருக்கும் வாங்கிய கட்சிக்கும் தெரியாமல் இருக்குமா? ஓட்டுப் போடுகிற எங்களுக்கு மட்டும் தெரியாது. வெளிப்படைத்தன்மைக்கு இப்படி ஒரு விளக்கத்தை உலகில் வேறு யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பத்திரத்தில் அடையாளம் எதுவும் கிடையாது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். 2018-இலேயே ஒரு பத்திரிகையாளர் பத்திரம் வாங்கி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார். புற ஊதா விளக்கின் கீழே எண் பளிச்சென்று தெரிந்தது. போலி வராமல் தடுக்கத்தான் அந்த எண் என்று விளக்கம் தந்தீர்கள். கொடுப்பவரின் ரகசியத்தைக் காக்கிற பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத எண் எதற்கு என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அரசியல் கட்சிக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளும் பொதுவான உரிமை குடிமக்களுக்கு இல்லை என்கிற தோரணையில் 2023 அக்டோபரில் அட்டர்னி ஜெனரல் எழுத்துப்பூர்வமாக வாதாடினார். மனம் திறந்து பேசியதற்கு அவருக்கு நன்றி. தங்கள் தரப்பிலிருந்து வந்த மிக வெளிப்படையான தகவல் அதுதான்.

2024 பிப்ரவரி 15-ஆம் தேதி ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தார்கள். அதற்குள் 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றுத் தீர்ந்திருந்தது. 2019 ஏப்ரல் 12-க்குப் பிறகு வந்த பத்திரங்களின் விவரத்தை மார்ச் 6-க்குள் தரச் சொன்னது நீதிமன்றம். 22,217 பத்திரம், வாங்கியவர் விவரம் ஒரு பக்கம், மாற்றியவர் விவரம் இன்னொரு பக்கம், பொருத்திப் பார்க்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது வங்கி. மக்களவைத் தேர்தல் முடிந்து, முடிவும் வந்து, பதவியேற்பும் நடந்து முடிந்திருக்கும் தேதி அது! மார்ச் 11 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்து மறுநாள் மாலைக்குள் கொடுக்கச் சொன்னது. மறுநாள் கொடுத்துவிட்டார்கள். நாலு மாத வேலையை ஒரே நாளில் முடித்த ஊழியர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டதா என்பதையும் தெரிவிக்கவும். எண்களை மட்டும் கொடுக்க மறந்திருந்தார்கள். அதற்கு இன்னொரு உத்தரவு வேண்டியிருந்தது. அதுவும் வந்து, மார்ச் 21-இல் எண்களும் வந்தன.

பட்டியலைப் பார்த்ததும் எங்களுக்குத் தூக்கம் போனது. அதிகம் வாங்கியது மத்தியில் ஆளும் பா.ஜ.க., 6,000 கோடிக்கு மேல். அது எதிர்பார்த்ததுதான். அதிகம் கொடுத்தவர் யாரென்று பார்த்தால் கோயம்புத்தூர்க்காரர்: மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்கு. லாட்டரி விற்பனைக்கு 2003 முதல் தடை உள்ள மாநிலம் எங்களுடையது. சுரண்டிப் பார்க்கும் சீட்டை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பரிசை மட்டும் கட்சிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் மாநிலக் கட்சி செய்த ஒரே நல்ல காரியம், யார் கொடுத்தது என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. பா.ஜ.க.வோ, பெயர் எழுதி வைக்கச் சட்டம் சொல்லவில்லையே என்று கைவிரித்தது.

இந்தக் காகிதக் குவியலில் எனக்குப் பிடித்தது ஐக்கிய ஜனதா தளத்தின் வாக்குமூலம்தான். 2019 ஏப்ரல் 3 அன்று பாட்னா அலுவலகத்துக்கு யாரோ ஒருவர் வந்தாராம். ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்தாராம். பிரித்துப் பார்த்தால் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரம் பத்து இருந்ததாம். அவர் யார், பெயர் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் ஊர் திருமண மண்டபத்தில் நூற்றியொரு ரூபாய் மொய் எழுதினாலே, எழுதுகிறவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்து, எந்த ஊர், யார் வீடு, அப்பா பேர் என்ன என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்.

பத்திரக் கதை முடிந்தது என்று தாங்கள் சொல்லக்கூடும். பி.எம். கேர்ஸ் கதை முடியவில்லையே. 2020 மார்ச் 27 அன்று தொடங்கிய நிதி. பிரதமர் தலைவர்; பாதுகாப்பு, உள்துறை, நிதி அமைச்சர்கள் அறங்காவலர்கள்; இணைய முகவரியில் அரசு அடையாளம், முகப்பில் நாலு சிங்கம். முதல் ஐந்து நாளில் மட்டும் 3,076 கோடி சேர்ந்தது. கணக்குக் கேட்டால், அது அரசு நிதி இல்லை, பொது அதிகார அமைப்பும் இல்லை, தகவல் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் பிரமாண வாக்குமூலம் தந்தீர்கள். ஊரடங்கில் நடந்தே ஊர் போய்ச் செத்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் மக்களவையில் கேட்டார்கள். அப்படி ஒரு தரவு இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். பணத்துக்குக் கணக்கு உண்டு, காட்டமாட்டீர்கள். சாவுக்குக் கணக்கே இல்லை.

இப்போது, 2023-இல் போட்ட அந்தத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவில், பொதுப்பணியோடு தொடர்பில்லாத சொந்த விவரத்தைத்தான் மறுக்கலாம், பொதுநலன் பெரிதென்றால் அதையும் தரவேண்டும் என்று இருந்தது. புதுச் சட்டத்தின் வழியே அந்த வரிகளைக் கத்தரித்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கினீர்கள். 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்துவிட்டது. பொதுநலனுக்காகத் தர 8(2) இருக்கிறதே என்பது தங்கள் பதில். இருக்கிறது. மறுப்பது எளிது, கொடுப்பதற்குத்தான் அலுவலர் துணிய வேண்டும் என்பது ஆபீஸ் படி ஏறிய எல்லோருக்கும் தெரியும். ரோடு போட்ட ஒப்பந்தக்காரர் பெயர் தனிநபர் தகவல், ரேஷன் பட்டியலில் உள்ள பெயர் தனிநபர் தகவல் என்று நாளைக்கு ஒருவர் எழுதினால் அவரைத் தடுக்கப் போவது யார்? கிணற்றுத் திருப்பத்தைக் குளிப்பவருக்காகக் கட்டினார்கள். தாங்கள் அந்தத் திருப்பத்தில் ஒப்பந்தக்காரரை நிற்கவைக்கிறீர்கள்.

தங்கள் மனம் புண்படக்கூடாது. கேள்வி கேட்பது எங்கள் பக்கத்தில் தெய்வ நிந்தனை ஆகாது. தெய்வத்தையே கேட்டுப் பழக்கம். திருவெள்ளறையில் நாழிகேட்டான் வாசல் என்று ஒன்று உண்டு. வெளியே போய்விட்டு நேரம் கழித்து வருகிற பெருமாளை அங்கே நிறுத்தி, ஏன் இவ்வளவு நேரம் என்று பங்கஜவல்லித் தாயார் கேட்பார் என்பது ஐதீகம். ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று இன்னும் கடுமை. உறையூர் கமலவல்லி நாச்சியாரைப் பார்த்துவிட்டு வந்த நம்பெருமாளுக்கு ரங்கநாச்சியார் கதவைச் சாத்திவிடுவார். மோதிரம் எங்கே என்று விசாரணை நடக்கும். மட்டையடி விழும். இரு தரப்பு வாதமும் ஊரறிய வாசிக்கப்படும். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்வார். விளக்கத்தை முத்திரையிட்ட உறையில் தருகிறேன் என்று நம்பெருமாள் சொன்னதே இல்லை. நான் பொது அதிகார அமைப்பு அல்ல என்றும் வாதாடியதில்லை.

பிரதமர் 2024 ஜனவரி 20 அன்று ஸ்ரீரங்கம் வந்து, கம்பராமாயணம் கேட்டுவிட்டுப் போனார். துறையூர் சாலையில் இன்னும் அரை மணி நேரம் காரை விட்டிருந்தால் கல்வெட்டையும் பார்த்திருக்கலாம். கல்வெட்டு அவருக்குப் பிடிக்காத விஷயமும் இல்லை. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது உத்திரமேரூரைப் பற்றி அவரே பெருமையாகப் பேசினார். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்லில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவுக்காரர்களும் குடவோலைக்கு நிற்கத் தகுதியில்லை என்று எழுதியிருக்கிறது. அத்தை மகன், மாமா மகன் வரைக்கும் போகிறது அந்தப் பட்டியல். அதை அப்படியே சட்டமாக்கினால் அந்தப் புதிய நாடாளுமன்றத்தில் எத்தனை நாற்காலி நிறையும் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஆகவே கீழ்க்கண்ட தகவல்களைத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்:

1. பி.எம். கேர்ஸ் நிதி அரசுடையதில்லை என்றால், நாலு சிங்கம் யாரிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டது? மாத வாடகை எவ்வளவு?

2. ஊழலை அம்பலப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014-இல் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் பெற்றது. இன்னும் அமலுக்கு வரவில்லை. அதைக் காப்பது யார்?

3. பத்து கோடி அடங்கிய கவரைக் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போன பாட்னா வள்ளலைப் போன்றவர்கள் நாட்டில் எத்தனை பேர்? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர்களில் ஒருவரை அனுப்பிவைக்க முடியுமா? பெயர் சொல்லிவிட்டே கொடுக்கலாம், கல்லில் வெட்டிவைக்கிறோம்.

4. மேற்படி கேள்விகளைத் தாங்கள் எந்தத் துறைக்கு மாற்றினீர்கள், அந்தத் துறை எந்தத் துறைக்கு மாற்றியது என்ற விவரம், தேதிவாரியாக.

சட்டப்படி முப்பது நாள். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் பதில் இல்லாவிட்டால் தகவல் ஆணையம். ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் 2019 திருத்தத்துக்குப் பிறகு தாங்களே முடிவு செய்வதால், அங்கே எனக்கு நியாயம் கிடைக்கும் என்பதில் தங்களைப் போலவே எனக்கும் முழு நம்பிக்கை உண்டு.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஆதார், பான், கைரேகை, முகம் எல்லாம் ஏற்கெனவே தங்களிடம் இருப்பதால் தனியாகப் பெயர் எழுதத் தேவையில்லாதவன்.

இணைப்பு: ரூ. 10-க்கான அஞ்சல் ஆணை ஒன்று. அதன் எண் வெறும் கண்ணுக்கே தெரியும்.