முப்பத்திரண்டில் தாவளம்: நடுவழியில் நின்றுபோன ஓர் அப்டேட் பற்றிய ஆராய்ச்சி

ஆய்வு எல்லை: ஒரு டேப், ஒரு வீடு, ஒரு சாயங்காலம். ஊர் வேலந்தாவளம். பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தில், கோயம்புத்தூர்ச் சாலையில் கேரளம் முடிகிற இடம். எதிரே வருகிறவர்களுக்கு அது தொடங்குகிற இடம். ஆய்வாளன் அந்த வீட்டு மருமகன். ஆகவே நடுநிலைமையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நிகழ்ந்தது இவ்வளவுதான். மாலை ஆறு மணிக்கு என் மாமியாரின் டேப்பில் புது அப்டேட் வந்திருப்பதாக ஓர் அறிவிப்பு தோன்றியது. பிள்ளைகளுக்கு அவர் அமுச்சி. இக்கட்டுரையிலும் அமுச்சி என்றே குறிக்கப்படுவார். 'இப்போதே நிறுவு', 'பிறகு' என்ற இரண்டில் எது அமுக்கப்பட்டது என்பதில் சாட்சியங்கள் முரண்படுகின்றன. தான் எதையும் தொடவேயில்லை என்பது அமுச்சியின் வாக்குமூலம். திரை இருண்டது, ஒரு நீலக்கோடு முளைத்தது, எட்டு, பதினாறு, இருபத்தைந்து என்று வெரசாக ஏறியது, 32 விழுக்காட்டில் நின்றது. ஏழு மணிக்குத் தொடர்.

"ஏனுங் மாப்ள, இது என்னங்க இப்படியே நிக்குது?"

இவ்வாய்வின் மூல வினா இதுவே. வேறு வினாக்கள் பின்னால் வந்தன, ஆனால் இந்த அளவுக்குத் தெளிவாக எதுவும் இல்லை.

பெயர்க் காரணம்

ஆராய்ச்சி என்றால் முதலில் ஊர்ப்பெயரைப் பிடித்து உலுக்க வேண்டும். தாவளம் என்றால் தங்குமிடம். தமிழ் அகராதியும் சொல்லும், மலையாளத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது; விமான நிலையத்தை அவர்கள் விமானத்தாவளம் என்பார்கள். வேலன் தங்கின இடம் வேலந்தாவளம் என்று யாராவது சொன்னால் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் அன்று மாலை ஆறே முக்கால் மணிக்கு இவ்வாய்வாளனுக்கு வேறொரு பிரிப்பு தோன்றியது: வேலை + தாவளம், அதாவது எடுத்த வேலை அங்கேயே தங்கிவிடும் இடம். எங்கள் தெருத் தமிழாசிரியர் உடனே மறுத்தார். அப்படியானால் 'வேலைத்தாவளம்' என்றல்லவா ஒற்று மிக வேண்டும் என்றார். நியாயம்தான். ஆனால் இது எல்லை ஊர், ஒற்றர்கள் பிடிபடுகிற இடம். சோதனைச் சாவடியில் ஒற்றையும் ஐகாரத்தையும் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கலாம். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

எண்ணுக்கு வருவோம். முப்பத்திரண்டு தற்செயல் எண் அல்ல. வாய்நிறையப் பல் இருந்தால் முப்பத்திரண்டு, அறம் முப்பத்திரண்டு, ஆண்மகனுக்குச் சாமுத்திரிகா லட்சணமும் முப்பத்திரண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக விக்கிரமாதித்தன் சிம்மாசனத்துப் படிகள். போஜராஜன் ஒவ்வொரு படியிலும் கால் வைப்பான், அங்கிருக்கும் பதுமை 'நில்' என்று தடுத்து ஒரு கதையை ஆரம்பிக்கும், அன்றைய பொழுது போய்விடும். அப்டேட் கோட்டைப் பற்றி நம்மவர்கள் எழுதிய முதல் ஆவணம் அதுதான் என்பது என் துணிபு. அரசன் ஏறுகிற வேகத்துக்கும் படிகளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பதுமை சுருக்கமாக முடிக்கும், இன்னொன்று கதைக்குள் கதை சொல்லும். போஜனுக்கு அது புரிந்திருந்தது, அதனால் அவன் சிம்மாசனத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டவில்லை. எங்கள் வீட்டில் தட்டினார்கள்.

முன்னோர் கருத்து

மேலைநாட்டார் இந்த முடிவுக்கு வரத் தாமதமாயிற்று. 1985-இல் பிராட் மையர்ஸ் என்பவர் கணினியில் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் விழுக்காட்டுக் கோட்டைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். கோடு இருந்தால் மனிதர்களுக்குப் பிடிக்கிறது என்றார். அதே 1985-இல், பெல் ஆய்வகத்து டாம் கார்கில் சொன்ன ஒரு விதியை ஜான் பென்ட்லி தம் பத்தியில் அச்சேற்றினார்: நிரலின் முதல் 90 விழுக்காட்டை எழுத, ஒதுக்கிய நேரத்தில் 90 விழுக்காடு ஆகும், மிச்சமுள்ள 10 விழுக்காட்டுக்கு இன்னொரு 90 விழுக்காடு ஆகும். ஒரே வருடத்தில் ஒருவர் கோட்டை நம்பச் சொல்கிறார், இன்னொருவர் கணக்கையே நம்பாதே என்கிறார். 2007-இல் கிறிஸ் ஹாரிசனும் கூட்டாளிகளும் இதில் ஒரு சூட்சுமத்தைச் சேர்த்தார்கள். முதலில் மெதுவாக ஊர்ந்து கடைசியில் வேகமெடுக்கிற கோடு, உண்மையில் அதே நேரம் எடுத்தாலும் சீக்கிரம் முடிந்ததுபோல் தோன்றுகிறதாம்.

அமுச்சியின் டேப்பைச் செய்தவர்கள் இதைப் படிக்கவில்லை. தலைகீழாக, முதலில் ஓட்டம், பிறகு தாவளம்.

கருதுகோள்கள்

கூடியிருந்தவர்கள் அனைவரும் தத்தம் கொள்கையை முன்வைத்தனர். முதலாவது எல்லைக் கொள்கை. எங்கள் வீட்டுத் திண்ணையில் தமிழ்நாட்டு டவர் எடுக்கும், அடுக்களையில் கேரள டவர். தொலைபேசித் துறைக்கு இவை இரண்டும் தனித்தனி வட்டங்கள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாலே வரவேற்புக் குறுஞ்செய்தி வந்து விழும். பாவம், டேப் எந்த மாநிலத்து அப்டேட்டை வாங்குவது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறது என்றார் பக்கத்து வீட்டுக் காய்கறி வியாபாரி. அதைத் திண்ணைக்குக் கொண்டுபோனோம். 32. அடுக்களையில், அரிசி டின்மேல் வைத்தோம். 32. கொள்கை வீழ்ந்தது. வீழ்ந்ததற்குக் காரணமும் உண்டு: நெட் தேவைப்படுவது பதிவிறக்கத்துக்கு மட்டும். பொதி முழுக்க இறங்கி, ரீஸ்டார்ட் ஆகி, நிறுவுகிற கட்டத்துக்கு வந்துவிட்டால் டவரோ வைஃபையோ ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கட்டத்தில் மோடத்தை அணைத்துப் போடுவது, சோறு வெந்த பிறகு உலை நீரைச் சபிப்பது போன்றது. (நாங்கள் மோடத்தையும் அணைத்தோம். அது இவ்வாய்வின் கறை.)

இரண்டாவது இடநெருக்கடிக் கொள்கை. இந்த டேப் 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான கைட் விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' பாடங்கள் தொடங்கியதும் பேத்திக்காக வாங்கியது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் அப்போது தனியாகப் பாடம் எடுத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் பேத்தி விட்டாள், அமுச்சி பிடித்தார். ஒளிச்சேர்க்கைப் பாடம் இருந்த இடத்தில் இப்போது ரோஜாப்பூவும் வேல் படமும் போட்ட காலை வணக்கங்கள். இது எங்கள் வீட்டு வியாதி மட்டுமல்ல. இந்தியர்களின் போன்கள் காலை வணக்கப் படங்களால் நிரம்பித் திணறுவதைப் பற்றி 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலே எழுதியது. அப்டேட் தன் மூட்டையைப் பிரித்துப் பரப்ப இடம் வேண்டும். பழைய, நிரம்பிய நினைவகத்தில் எழுதும் வேகமும் குறையும். இக்கொள்கையில் சாரம் உண்டு என்று ஆய்வாளன் ஒப்புக்கொள்கிறான். ஆனால் அதை அமுச்சியிடம் சொல்லும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை.

மூன்றாவதாக எதிர்வீட்டுச் சேச்சி வந்தார். "ஒந்நு ஓஃபாக்கி ஓணாக்கி நோக்கு" என்றார். நோக்கு என்பதைத் தொல்காப்பியம் செய்யுள் உறுப்புகளில் ஒன்றாக எண்ணியது; சேச்சி பழுதுபார்க்கும் உறுப்புகளில் ஒன்றாக ஆக்கிவிட்டார். இந்த மருந்தை அற்பமாக நினைக்கக் கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமானத்தாவளங்கள் அன்று சொற்பொருளுக்கு உண்மையாக, பயணிகள் தங்கும் இடங்களாயின. நம் நாட்டில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அப்போது மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன யோசனைகளுள் ஒன்று: திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யுங்கள், சிலருக்குப் பதினைந்து தடவை வரை தேவைப்பட்டது. சேச்சி ஒரு தடவைதான் சொன்னார்.

சாவடி மாதிரி

இவ்விடத்தில் ஆய்வாளன் தன் சொந்தப் பங்களிப்பைப் பணிவுடன் வைக்கிறான்.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். உக்கடத்தில் கிளம்பின லோடு லாரி ஒரு மணி நேரத்தில் வேலந்தாவளம் வந்துவிடும். பாலக்காட்டுக்குப் பாதி தூரம்கூட ஆகியிருக்காது. அங்கே வரிச் சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும். எஞ்சின் பழுதில்லை, டயர் பஞ்சரில்லை, டிரைவர் தூங்கவில்லை. உள்ளே தாள் பார்க்கிறார்கள். வீட்டில் காத்திருக்கிறவர் 'எங்கே வர்றே?' என்று போன் போட்டால், 'வேலந்தாவளம்' என்பதுதான் பதில். இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் அதே பதில். பொய்யில்லை. தூரத்தைக் கேட்டார், தூரத்தைச் சொன்னான். நேரத்தைச் சொல்ல அவனாலும் முடியாது.

32 என்பது அந்த டிரைவரின் பதில். நிறுவும் கட்டத்தில் டேப் முதலில் பொதியின் முத்திரையைச் சரிபார்க்கிறது: செய்த கம்பெனி போட்ட டிஜிட்டல் கையெழுத்துத்தானா, வழியில் ஒரு பைட்டாவது மாறியதா என்று. பிறகு பழைய பகுதிகளைப் பெயர்த்துப் புதியதை எழுதுகிறது. கோடு இந்தக் கட்டங்களை எண்ணுகிறது, நிமிடங்களை அல்ல. ஆகவே, கோடு நகரவில்லை என்பதால் வேலை நகரவில்லை என்றாகாது. வேலை நின்றுபோய்க் கோடு மட்டும் தொங்குவதும் உண்டு. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முதல் வழி காத்திருப்பது. சார்ஜரில் மாட்டி, ஒரு மணி நேரமாவது கையை வைக்காமல் இருப்பது. டேப்பின் முதுகு வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே யாரோ தாள் பார்க்கிறார்கள் என்று கொள்ளலாம். சில்லிட்டுக் கிடந்தால் சாவடியில் ஆளில்லை.

அவசரப்பட்டு அணைப்பதில் எவ்வளவு ஆபத்து என்பது டேப்பைப் பொறுத்தது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே பக்கத்து மனையில் புது வீட்டைக் கட்டிக்கொள்ளும். புது வீடு சரியில்லையென்றால் பழையதற்கே திரும்பிவிடும். எல்லாக் கம்பெனிகளும் இதை உடனே ஏற்கவில்லை. அமுச்சியின் டேப் குடியிருக்கிற வீட்டிலேயே ஓட்டைப் பிரிக்கிற ரகம். ஓட்டைப் பிரித்துப் போட்ட பிறகு மேஸ்திரியை விரட்டினால் மழைக்கு ஒதுங்க இடமிருக்காது. டேப் 'ப்ரிக்' ஆகிவிட்டது என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். செங்கல்.

ஓர் ஒப்பீடு

தேக்கம் டேப்புக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் சிற்றூர் வட்டத்து வயல்களுக்குத் தண்ணீர் தருவது பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம். அது கையெழுத்தானது 1970 மே 29-இல். அமலுக்கு வந்ததாகக் கணக்கோ 1958 நவம்பர் 9 முதல். மணக்கடவு அணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி. முப்பது வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய அதில் வழி உண்டு. அதாவது 1988-இல் 'புது அப்டேட் தயார்' என்ற அறிவிப்பு வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் இரு மாநில முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து அதற்குக் குழு அமைத்தார்கள். அது எத்தனையாவது விழுக்காடு என்று காட்டக் கோடு எதுவும் இல்லை. அமுச்சியை அன்று இதைச் சொல்லித் தேற்றப் பார்த்தேன். "அதுக்கும் சீரியலுக்கும் என்னங்க மாப்ள?" என்றார்.

சோதனை

ஏழு மணி ஐந்து நிமிடம். கோவையில் இன்ஜினீயரிங் படிக்கிற அடுத்த வீட்டுத் தம்பி வந்து டேப்பின் முதுகைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. "மாமா, ரெகவரில போய் கேச்ச வைப் பண்ணிரலாமுங்க" என்றான். அந்தப் பட்டியலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கேச் பகுதியைத் துடைக்கும் வரியும், டேப்பில் உள்ள அனைத்தையும் அழிக்கும் வரியும் அதில் மேலும் கீழுமாக, ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் இருக்கின்றன. ஒன்று ஒட்டடை அடிப்பது, மற்றது வீட்டையே இடிப்பது. வால்யூம் பொத்தானை ஒரு தடவை தவறாக அமுக்கினால் போதும், பேத்தியின் மழலை வீடியோக்கள் எல்லாம் போய்விடும். வேண்டாமென்று தடுத்தேன். இவ்வாய்வில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

கடைசியில் சேச்சியின் நோக்குதான் வென்றது. பவர் பொத்தானையும் வால்யூம் குறைக்கிற பொத்தானையும் சேர்த்துப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தான். திரை அணைந்தது. வீட்டில் யாரும் பேசவில்லை. அமுச்சி மட்டும் பழனி இருக்கிற திசைக்குக் கும்பிட்டார். கம்பெனிச் சின்னம் வந்தது, போனது, மறுபடி வந்தது, பிறகு முகப்பில் பேத்தியின் பழைய போட்டோ தெரிந்தது. அதன்மேல் ஒரு சிறு வரி: அப்டேட்டை நிறுவ முடியவில்லை. ஓட்டைப் பிரிக்கும் முன்பே, முத்திரை பார்க்கிற இடத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பொதி சரியாக இறங்கவில்லை போலும். ஒன்றும் கெடவில்லை, ஒன்றும் புதிதாகவுமில்லை.

"அப்ப மொதல்ல இருந்த மாதிரியேதானுங்களா இருக்குது?"

"ஆமாங்கத்தே."

"அப்பறம் எதுக்குங்க இத்தன நேரம்?"

மறுநாள் காலை அறிவிப்பு மீண்டும் வந்தது. 'இப்போதே நிறுவு', 'பிறகு'. இந்த முறை எது எங்கே இருக்கிறது என்று அமுச்சிக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலதுபக்கப் பொத்தானை ஒரு தடவை அமுக்கிவிட்டுத்தான் தொடரைப் போடுகிறார்.