பானட்டுக்குள் ஒரு சூரியன்

கார் ரிப்பேருக்கு ஒயர் இல்லாத லைட் வாங்கப் போனால், சூரியனையே அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். ‘1,00,000 லூமென்’ என்கிறது ஒரு பெட்டி. காரின் எச்4 ஹாலஜன் பல்பே லோ பீமில் சுமார் 1,000 லூமென்தான் தரும். அதை நம்பித்தான் ராத்திரியில் ஊருக்கே போய்வருகிறோம்.

பேட்டரி புளுகு இன்னும் ஒரு படி மேல். 18 மி.மீ. தடிமனும் 65 மி.மீ. நீளமும் உள்ள 18650 செல், நல்ல கம்பெனிச் சரக்கானாலும் 3,500 எம்ஏஎச் எட்டவே மூச்சு வாங்கும். பெட்டியில் கூசாமல் 9,900 போட்டிருப்பார்கள்.

கேட்க வேண்டிய எண்ணை மட்டும் போடுவதில்லை: சிஆர்ஐ. நிறத்தை நிறமாகக் காட்டும் திறன் அது. 90-க்கு மேல் இருந்தால் நல்லது. 70 உள்ள லைட்டில் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். பிடுங்கிய பிறகுதான் எது எதுவென்று தெரியும்.

அடுத்தது ‘சக்திவாய்ந்த காந்தம்’. இப்போதைய பல கார்களில் என்ஜின் மேல்மூடி பிளாஸ்டிக், பிளாக் அலுமினியம். காந்தம் எதை ஒட்டும்? தேடிப்பிடித்து ஒட்டினால், வெளிச்சம் நேராக நம் கண்ணில். பேசாமல் சுழலும் கொக்கி உள்ளதாக வாங்கலாம்.

கொக்கியில் ஒரே குறை, அதைத் திட்ட முடியாது. “டேய், நான் பாக்குற எடத்துல காட்டுடா, நீ பாக்குற எடத்துல இல்ல!” என்று கத்த, டார்ச் பிடிக்கும் மகன்தான் வேண்டும்.