சேர், ஒரு சந்தேகம்!

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும், அவர்களைவிடக் கூடுதலாகப் பதறும் பெற்றோரும் கேட்டவை இவை.

கிழமையில் ஆறு நாள் ரியூசன் போகிறேன், சேர். ஞாயிறும் ஒரு வகுப்புச் சேர்த்தால் மூன்று ஏ வருமா?
– பௌதிகவியல் மாணவன், யாழ்ப்பாணம்

ஏழு நாளும் வகுப்பென்றால் படிக்கிறது எப்ப, தம்பி? ரியூசனில் சேர் கணக்குச் செய்யும்போது மண்டபம் முழுக்கத் தலையாட்டும். எல்லாருக்கும் விளங்கும். வீட்டுக்கு வந்து, கொப்பியை மூடிவைத்துவிட்டு, அதே கணக்கை வெள்ளைத்தாளில் செய்து பாரும். மூன்றாவது வரியில் பேனை நிற்கும். அது நின்ற இடத்திலிருந்துதான் உம்முடைய படிப்புத் தொடங்குகிறது. பரீட்சை மண்டபத்தில் எழுதப்போவது உம்முடைய கை, சேருடையது அல்ல. ஞாயிற்றுக்கிழமையை அந்தக் கைக்குக் கொடும். முடிந்தால் இன்னொரு வகுப்பையும் குறையும். வகுப்பில் இருந்த நேரத்துக்குச் சமனான நேரம் தனியே இருந்து எழுதாவிட்டால், அந்த வகுப்பு உமக்குக் கணக்கில் இல்லை.

கடந்தகால வினாத்தாள்கள் எத்தனை வருடத்துக்குச் செய்ய வேண்டும்?
– பயோ மாணவி, மட்டக்களப்பு

எத்தனை வருடம் என்பதை விடும் பிள்ளை, எப்படிச் செய்கிறீர் என்று சொல்லும். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபது வருடத் தாளைப் பார்த்து முடிப்பதைவிட, மணிக்கூட்டை முன்னால் வைத்து ஐந்து வருடத் தாளை எழுதி முடிப்பது நூறு மடங்கு நல்லது.

இரசாயனவியலையே எடுப்போம். முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், நேரம் இரண்டு மணித்தியாலம். ஒன்றுக்கு இரண்டு நிமிடமும் 24 செக்கனும். கல்குலேட்டர் தொடக்கூடாது. பெருக்கலும் வகுத்தலும் கையால்தான். 31 தொடக்கம் 40 வரை, எந்தெந்தக் கூற்றுகள் சரி என்று பார்த்து, அதற்குரிய இலக்கத்தை மேலே உள்ள அட்டவணையில் தேட வேண்டும். 41 தொடக்கம் 50 வரை இரண்டிரண்டு கூற்றுகள் வரும். இரண்டும் உண்மையா என்று பார்த்தால் மட்டும் போதாது, இரண்டாவது முதலாவதைச் சரியாக விளக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான். பாடம் தெரியும். இரண்டு கூற்றும் சரியென்று கண்டதும் சந்தோசத்தில் முதலாவது விடைக்குப் புள்ளடி போட்டுவிடுவார்கள். "ஏன்" என்று ஒருதரம் கேட்டிருந்தால் இரண்டாவது விடை என்று தெரிந்திருக்கும்.

தாளைச் செய்து முடித்ததும் சிவப்புப் பேனையை எடும். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை வைத்து, உம்மைத் தெரியாத ஒருவர் திருத்துவதுபோலத் திருத்தும். "இதைத்தான் நான் நினைத்தேன்" என்பதற்குப் புள்ளி கிடையாது, எழுதியதற்குத்தான். திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கையையும் தேடி வாசியும். ஒவ்வொரு வினாவிலும் நாட்டுப் பிள்ளைகள் எங்கே தவறினார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. இவ்வளவு பயனுள்ள புத்தகத்தை நம் பிள்ளைகளில் பலர் கண்ணால் கண்டதே இல்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

பௌதிகவியலுக்குச் செய்முறைப் பரீட்சையே இல்லை. பிறகு ஏன் ஆய்வுகூடத்தில் நேரத்தை வீணாக்க வேண்டும்?
– மாணவன், வவுனியா

செய்முறைப் பரீட்சை இருக்கிறது தம்பி, அதைக் கடதாசியில் வைக்கிறார்கள். இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்களைப் பாரும். பரிசோதனை எப்படி ஒழுங்கமைப்பீர், எந்த வாசிப்பை எடுப்பீர், எந்த வரைபு கீறுவீர் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். திருகுக் கணிச்சியைக் கையில் எடுத்துப் பாரும். கம்பியை இடையில் வைத்து, நுனியில் இருக்கும் சின்னத் தலையைத் திருப்பினால், ஒரு கட்டத்தில் "டிக் டிக்" என்று வழுக்கும். அதற்குமேல் கம்பி நசியாது. அந்தச் சத்தத்தைக் காதால் கேட்ட பிள்ளை, அந்தத் தலையின் பயன் என்ன என்ற கேள்விக்கு விடையைப் பாடமாக்கத் தேவையில்லை. கம்பியை எடுத்துவிட்டு வெறுமனே மூடினால் பூச்சியம் பூச்சியத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கக்கூடும். பூச்சிய வழுவும் படித்தாயிற்று. மொத்தம் ஐந்து நிமிடம்.

எனக்கும் சிநேகிதிக்கும் ஒரே 75. அவளுக்கு மட்டும் இசட் புள்ளி கூட. இது நியாயமா?
– வணிகப் பிரிவு மாணவி, திருகோணமலை

இரண்டு பேரும் வெவ்வேறு பாடத்தில் எடுத்த 75 ஆக இருக்கும். அந்த வருடம் அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து நீர் எவ்வளவு தூரம் மேலே நிற்கிறீர் என்பதை நியம விலகலால் அளப்பதுதான் இசட். உதாரணத்துக்கு, உம்முடைய பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 10 என்றால் உமக்கு 1.5. அவளுடைய பாடத்தில் சராசரி 45, விலகல் 15 என்றால் அவளுக்கு 2. கடினமான தாளில் எடுத்த 75க்கு மதிப்புக் கூட. அது நியாயம்தான்.

2001 முதல் இருக்கும் இந்த முறை ஒருதரம் பெரிதாகச் சிக்கியது. 2011இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் தோற்றியவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணித்ததால், அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை இரத்துச் செய்தது. வெவ்வேறு தாள் எழுதியவர்களை ஒரே சராசரியில் போட்டால் கணக்குக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று இடம் பிரிப்பதால், வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அது உம்முடைய கையில் இல்லை. தாள் இருக்கிறது.

முதல் ஷையில் ஒரு ஏ, இரண்டு சி. அந்த ஏ-யை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை மட்டும் திரும்ப எடுக்கலாமா?
– மாணவன், கிளிநொச்சி

ஏலாது, ராசா. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடமும் ஒரே தடவையில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஏ எடுத்த பாடத்தையும் சேர்த்தே படியும். விட்டுவிட்டால் அதுதான் முதலில் கீழே போகும். கொமன் ஜெனரல் டெஸ்டில் 30 புள்ளி எடுத்துவிட்டீரா என்றும் பார்த்துக்கொள்ளும். அதை விளையாட்டாக நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மகன் விடிய இரண்டு மணி வரைக்கும் படிக்கிறான். பெருமையாக இருக்கிறது. தேநீர் போட்டுக் கொடுக்கிறேன்.
– ஒரு அம்மா, ஹட்டன்

தேநீரைக் காலையில் கொடுங்கள் அம்மா. பரீட்சை காலை 8.30க்கு. இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பழகிய மூளை காலை எட்டரைக்குக் கொட்டாவி விடும். கடைசி இரண்டு மாதமாவது, எட்டரைக்கு அவன் மேசையில் ஒரு வினாத்தாள் இருக்கட்டும். பத்தரைக்குப் படுக்க அனுப்பும் தாய்க்குத்தான் நான் பெருமைப்படுவேன்.

இணைந்த கணிதம்: எல்லாம் தெரிகிறது, நேரம்தான் காணவில்லை.
– மெத்ஸ் மாணவன், பருத்தித்துறை

பகுதி ஏ-யில் பத்து வினா, ஒன்றுக்கு 25. பகுதி பி-யில் ஏழில் ஐந்து, ஒன்றுக்கு 150. புள்ளியின் கால்பங்குதான் ஏ. ஆகவே 180 நிமிடத்தில் 45 நிமிடம்தான் அதற்கு. நீர் ஒன்றரை மணித்தியாலம் கொடுக்கிறீர் என்று பந்தயம் கட்டுவேன்! பி-யில் ஒரு வினாவுக்கு 27 நிமிடம். மேலதிக வாசிப்பு நேரம் பத்து நிமிடத்தில் எந்த ஐந்து என்று முடிவெடுத்துவிடும். பாதியில் மாற வேண்டாம். முடிவு வராவிட்டாலும் படிகளை எழுதிவிட்டு வாரும். புள்ளி படிக்குப் படி விழும்.

கலைப்பிரிவு என்று சொன்னால் கலியாண வீட்டில்கூட முகத்தைச் சுளிக்கிறார்கள்.
– மாணவி, மன்னார்

சட்டபீடத்துக்கு எந்தப் பிரிவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லும். பிறகு பந்தியில் போய் இரும். உமக்குப் பிடித்த பாடத்தை நீர் எடுத்ததில் எனக்கு மெத்தச் சந்தோசம்.

மண்டபத்தில் முதலாவது கேள்வியே தெரியாவிட்டால்?
– பெயர் வேண்டாம், வத்தளை

இரண்டாவதைச் செய்யும். பல்தேர்வில் பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை. கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, விட்டுவந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளடி போட்டுவிட்டே விடைத்தாளைக் கொடும்.