கில்விஷின் பாவக்கணக்கு: ஒரு புன்னக்காயல் ஆய்வு

மாயாஜாலத் தொடர்களில் வரும் வில்லன் உண்மையில் எவ்வளவு கெட்டவன் என்று அளக்கக் கருவி இல்லை எனப் பட்டணத்து அறிஞர்கள் கைவிரிக்கிறார்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம்வரை வந்து கேட்டிருந்தால் இந்தச் சங்கடம் நேர்ந்திராது. அங்குள்ள புன்னக்காயலில் நெடுங்காலம் ஊழியம் செய்த ஹென்றிக்கஸ் அடிகளார் 1580-ல் கொச்சியில் ‘கொம்பெசியோனாயரு’ என்ற தமிழ் நூலை அச்சிட்டார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன் தன் குற்றங்களை எப்படித் தேடிப்பிடித்து ஒப்புவிப்பது என்று சொல்லும் கையேடு அது. தமிழ் அச்சுக்கு அப்போது வயது இரண்டோ மூன்றோதான். பால் மறக்காத பருவத்திலேயே அது பாவத்தை எடைபோட உட்கார்ந்துவிட்டது. இத்தனை பழைய தராசு கையில் இருக்க, வில்லன்களைச் சிரிப்புச் சத்தத்தை வைத்து மதிப்பிடுவது ஆய்வுலகுக்கு அழகல்ல.

அளவுகோலை ஞானோபதேச வகுப்புக்குப் போன எந்தப் பிள்ளையும் ஒப்பிக்கும். சாவான பாவம் ஆவதற்கு மூன்று சேர வேண்டும்: காரியம் கனமானதாயிருக்க வேண்டும், தப்பு என்ற முழு அறிவு வேண்டும், முழு மனச்சம்மதம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது அற்பப் பாவம்.

முதல் மாதிரி, ‘சக்திமான்’ தொடரின் தம்ராஜ் கில்விஷ். தூர்தர்ஷனில் 1997-ல் தொடங்கிய தொடர். பிறகு ஞாயிறு மத்தியானத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊருக்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. பூசை முடிந்து, சாப்பாடும் ஆகி, ஆய்வாளர்கள் பாயில் சாய்ந்தபடி நோக்கலாம். இந்தி தெரியாதது தடையல்ல, அனுகூலம். வசனத்தில் மயங்க வழியில்லை.

கில்விஷ் செய்வது என்ன? இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். இருளே நிலைக்கட்டும் என்று வாரம் தவறாமல் முழங்குகிறார். வேலைக்கு ஆளை ஏவுகிறார். அந்த ஆட்களில் ஒருவரான டாக்டர் ஜைக்கால், ‘பவர்’ என்ற சொல்லை இழுத்து இழுத்துச் சொல்வதிலேயே பாதி நேரத்தைத் தீர்த்துவிடுவார். தலையான பாவங்கள் ஏழில் கில்விஷிடம் ஐயமறத் தெரிவது சோம்பல் மட்டுமே. விடியுமுன் வள்ளம் தள்ளுகிறவர்கள் பார்வையில் அதுவும் சிறு குற்றமல்லதான். ஆனால் உலகை அழிக்க வந்தவருக்கு அது போதாது.

காரியத்தின் கனமும் நிரூபணமாகவில்லை. தொடர் 2005-ல் முடிந்தது. இருள் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் வந்து இறங்கியது 2012 மின்வெட்டின்போது. அதில் கில்விஷுக்கு எந்தப் பங்கும் இல்லை. சம்மதம் இன்னும் சிக்கல். தீமை என்பது தனிப்பொருளன்று, நன்மை இல்லாமையே என்றார் அர்ச். அகுஸ்தீனார். அப்படியானால் இருளே உருவான கில்விஷ் ஓர் ஆளே அல்ல, வெறும் இல்லாமை. இல்லாமை எப்படிச் சம்மதம் கொடுக்கும்? அந்தி சாய்ந்ததைப் பாவம் என்று எந்தச் சாமியார் ஏற்பார்? (அந்த இல்லாமையாக நடித்த சுரேந்திர பால் அதற்கு முன் ‘மகாபாரத’த் தொடரில் துரோணர், சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா பீஷ்மர். குருக்ஷேத்திரத்தில் ஒரே பக்கம் நின்றவர்கள். இந்தப் பழைய பழக்கம் சண்டைக் காட்சிகளின் சூட்டைத் தணித்ததா என்பதை ஆராய இங்கே இடமில்லை.) தீர்ப்பு: அற்பப் பாவம்.

கடல் கடந்த மாதிரி ஒன்று. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் பனிராசாவை மரத்தில் கட்டி, நெஞ்சில் கண்ணாடிக் கல்லைச் செருகி, வேறு ஆட்கள்தான் அப்படி ஆக்கினார்கள். சம்மதம் பூச்சியம். உத்தரிக்கிற ஸ்தலத்துக்குக்கூட வழக்கு நிற்காது.

மூன்றாவது மாதிரிதான் ஆய்வைத் திடுக்கிட வைத்தது. 1994-ல் வந்த ‘சந்திரகாந்தா’வின் குரூர் சிங். மேல்நோக்கிச் சீறும் அடர்ந்த புருவம், வாய்க்கு வாய் ‘யக்கூ’. வீடே அவரைப் பார்த்துச் சிரித்தது. தராசில் ஏற்றினால் முள் சாய்கிறது. பிறர் நாட்டின்மேல் ஆசை, மனமில்லாத பெண்ணின்மேல் மோகம், அவள் விரும்பியவன்மேல் காய்மகாரம். அத்தனையும் தெரிந்தே, விரும்பியே. யாரும் நெஞ்சில் கல் செருகவில்லை. இருட்டின் அவதாரம் என்ற சாக்கும் கிடையாது. மூன்று நிபந்தனையும் பழுதின்றிப் பொருந்துகிற ஒரே வில்லன், பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டிய அந்த ஆள்தான்.

இந்த முறையியலை ஊரின் மீன் ஏலக்கூடக் கட்சி ஏற்கவில்லை. அவர்களுக்கு மனச்சம்மதம் பொருட்டல்ல. யாருக்கு எவ்வளவு கைநட்டம் என்பதே கேள்வி.

“மாமா, கில்விஷ் உலகத்தையே இருட்டாக்கப் பார்த்தான்லா?”

“பார்த்தான், சரி. வலைக்கு முன்பணம் குடுத்து, மீனை எனக்கே போடணும்னு சொல்லி, வெலையையும் அவனே வச்சானா மக்கா?”

“இல்ல.”

“தரகு புடிச்சானா?”

“இல்ல.”

“அப்போ அவன விட்டுரு.”

குசராத்தின் சபர்காந்தா தொகுதியும் தனக்கென ஒரு முறையியல் வைத்திருந்தது. ‘ராமாயண்’ தொடரில் இராவணனாக நடித்த அர்விந்த் திரிவேதியை 1991-ல் மக்களவைக்கு அனுப்பியது. இராவணன் மேல் குற்றம் நிரூபணமாகி ஐந்தாண்டு டெல்லி விதித்தார்களா, விடுதலை செய்து அனுப்பினார்களா என்று தீர்ப்பு நகலில் தெளிவில்லை.

குரூர் சிங்குக்கு மன்னிப்பே இல்லையா என்றால், உண்டு. மெய்யான மனஸ்தாபம் வேண்டும்; ஒப்புக்கொண்ட ஒவ்வொரு பாவத்துக்குப் பின்னாலும் ‘யக்கூ’ என்று சொல்லாமல் இருக்க வேண்டும். அந்தப் புருவத்தோடு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் குனிந்து நுழைய முடியுமா என்பது தனி ஆய்வுக்குரியது.